பதினோரு மணி மாத்திரை

தொழில் வட்டாரத்தில் அவனுக்கு 'சர்வீஸ்' என்று பெயர். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தும் கம்பெனி ஒன்றில் மூன்று மாதம் வேலை பார்த்தவன். கை நீளம் என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்கள் நீலச் சட்டையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். அது போதாதா?

சிறையிலிருந்து வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. "இன்னொரு தடவை உள்ள போனீங்கன்னா, அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்காதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் இந்த முறை மாட்டவே கூடாது என்பதில் சர்வீஸ் உறுதியாக இருந்தான். திருடக் கூடாது என்று அவள் ஒன்றும் சொல்லவில்லையே!

அந்த வீட்டுக் கேட்டில் கம்பெனியின் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்ளே வயதானவர் ஒருவர், துணைக்கு நாலைந்து கருவிகள், வேறு ஆள் கிடையாது என்று அதற்கு அர்த்தம். ஒரு திருடனுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் விலாசம் எழுதித் தர முடியாது.

காலை பத்தே முக்காலுக்கு மணியை அடித்தான். நாலு தரம் அடித்த பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். வியர்த்து வழிந்தார். கையில் ஒரு தலையணை உறை.

"கம்பெனிலேருந்து வர்றேங்கய்யா. மாசாமாசம் பண்ற சர்வீஸ்."

பெரியவர் அவனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "வாங்க தம்பி... துவைக்கப் போடலாம்னு எடுத்தேன்" என்று உறையைக் காட்டினார்.

ஹாலில் இருந்த கேமராவின் மேல் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்தது. "உத்து உத்துப் பாக்குது தம்பி, கூச்சமா இருக்கு" என்றார் பெரியவர். பாதி வேலை மிச்சம். நடமாட்டத்தைக் கவனிக்கும் கருவியைச் சர்வீஸ் பிடுங்கி வைத்தான். மேசை மேலிருந்த ஸ்பீக்கரை மட்டும் விட்டுவிட்டான். அதற்குப் பேசத்தான் தெரியும், பாவம்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

பெரியவர் ஒரு கதவைத் திறந்தார். அது துடைப்பம் வைக்கும் அலமாரி. அடுத்த கதவு படுக்கையறை. மூன்றாவதுதான் சமையலறை. "எது எங்க இருக்குன்னே தெரியமாட்டேங்குது" என்று அசடு வழிந்தார்.

சர்வீஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறதிக்காரர்! எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், அது வீட்டில் இருந்ததே இவருக்கு ஞாபகம் வராது. கூடவே கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. சொந்த வீட்டிலேயே இப்படித் தடுமாறுகிறாரே, பெற்ற பிள்ளைகள் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

"மணி பதினொன்று. ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்றது ஸ்பீக்கர்.

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு? யாரு உள்ள?"

"மெஷின்தாங்கய்யா. தினமும் சொல்லுமே!"

"ஆமாமா... மறந்துட்டேன்."

"மாத்திரைப் பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை" என்று ஸ்பீக்கர் விடாமல் நச்சரித்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருந்த பெட்டியைப் பெரியவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லி நழுவப் பார்த்தார்.

சர்வீஸுக்குப் பொறுக்கவில்லை. மூன்றே மாதம் என்றாலும் பார்த்த வேலையாயிற்றே. "உடம்பு விஷயத்துல விளையாடக் கூடாதுங்கய்யா!" என்று அவனே பெட்டியைத் திறந்து, மாத்திரையை அவர் கையில் வைத்து, அது தொண்டையில் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். "நன்றி. பதிவு செய்யப்பட்டது" என்றது ஸ்பீக்கர்.

அடுத்தது அவனுடைய வழக்கமான கைவரிசை. "இந்த நாற்காலில பத்து நிமிஷம் ஆடாம அசையாம உக்காருங்க. நீங்க கீழ விழாம இருக்கீங்களான்னு மெஷின் கணக்கு எடுக்கணும்." அப்படியொரு கணக்கு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆனால் இதுவரை போன வீடுகளில் எல்லோரும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

படுக்கையறையில் பீரோ பூட்டியிருந்தது. "இதுக்குள்ளயும் ஒரு கருவி இருக்குங்கய்யா. சாவி எங்க?" என்று குரல் கொடுத்தான்.

"அதைத்தான் தம்பி காலைலேருந்து தேடிட்டிருக்கேன்!" பெரியவரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்களால திறக்க முடியுமா?"

இரண்டு கம்பி, அரை நிமிடம். பீரோ திறந்துகொண்டது. உள்ளே வளையல்களும் சங்கிலிகளும் மினுமினுத்தன. திரும்பினால், பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து பின்னாலேயே வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் அதே தலையணை உறை.

"கைராசிக்காரர் தம்பி நீங்க!"

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு 'ணங்'கென்று பூட்டிக்கொண்டது. ஹால் ஸ்பீக்கரில் ஒரு பெண்மணியின் குரல் அதட்டியது. "முன் கதவு, பின் கதவு ரெண்டையும் இங்கேருந்தே பூட்டிட்டேன். போலீசுக்கும் சொல்லியாச்சு. ஓடலாம்னு பாக்காதீங்க!"

சர்வீஸின் கண்ணெதிரே மனைவி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நான் கம்பெனி ஆளுதான்னு உங்க பொண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா! இன்னொரு தடவை உள்ள போனா எங்க வீட்டுல என்னைச் சேர்த்துக்க மாட்டா!"

"பொண்ணா? இந்த வீட்டுக்குச் சொந்தக்காரியே நான்தாங்க!" என்றது குரல். "தனியா இருக்கிறவ நான். காலைலதான் தங்கச்சி வீட்டுக்கு வந்தேன், மாத்திரைப் பெட்டியை மறந்து வச்சிட்டு. நான் இங்க உக்காந்திருக்கேன், மாத்திரை சாப்பிட்டாச்சுன்னு என் போனுக்குச் சேதி வருது. என் மாத்திரையைச் சாப்பிட்டது யாருங்க?"

பெரியவர் தலையணை உறையைப் பவ்யமாகக் கட்டிலில் வைத்துவிட்டு, சர்வீஸைக் கைகாட்டினார்: "நான் பாட்டுக்குத் பூட்டாம கிடந்த பின் கதவு வழியா வந்து என் திருட்டைப் பாத்துட்டிருந்தேம்மா, இந்தக் கம்பெனிக்காரர்தான் நடுவுல வந்து, சாப்பிட்டே ஆகணும்னு வற்புறுத்தினாரு!"