கடைசி உருப்படி

தாலாட்டு பாதி முடிவதற்குள் முன்வரிசை அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது.

செல்லோக்காரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. செல்லோவின் தந்திகளில் ஓடிய அவளுடைய வில்லுக்கு நேர் எதிரே, எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது அந்த அம்மாவின் நாற்காலி. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியிலிருந்த கைப்பை வழுக்கி விழுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசித்தபடியே, பியானோக்காரருக்குக் கண்ணைக் காட்டலாமா என்று யோசித்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாலையில் அவர்தானே அந்த அம்மாவைக் கைபிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டிவந்தார்? காற்று வருகிற இடமாகப் பார்த்து அவர்தானே உட்காரவைத்தார்? போகிற போக்கில் அந்த அம்மா இவளிடம், சாப்பிட்டியாம்மா என்றுகூடக் கேட்டுவிட்டுப் போனார்.

அவருடைய அம்மா. இந்த வயதில், மகன் வாசிப்பதைக் கேட்க இத்தனை படி ஏறி வந்திருக்கிறார்.

கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

ஆனால் அடுத்தது, கடைசி உருப்படி, புயல்.

எழுபது பேர் கூடி வாசிக்க வேண்டிய இசையை ஒரு செல்லோவுக்கும் ஒரு பியானோவுக்குமாக அவளே சுருக்கி எழுதியிருந்தாள். அடித்து, திருத்தி, கிழித்துப் போட்டு, மறுபடி எழுதி, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். முரசும் எக்காளமும் செய்கிற வேலை முழுவதையும் பியானோவின் இடதுகை தலையில் கட்டியிருந்தாள். அந்த மனிதரும் முணுமுணுக்காமல் சுமந்துகொண்டார்.

இரண்டாம் வரிசையில் இசைச் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். வருகிற ஆண்டு பெரிய அரங்கில் யார் வாசிப்பது என்று முடிவு செய்கிறவர். புயலைக் கேட்கத்தான் வருகிறேன் என்று அவளிடம் நேரிலேயே சொல்லியிருந்தார்.

புயலின் முதல் அடியே இடி. பிணம்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

தாலாட்டின் கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. கைதட்டல் கிளம்பப் போன நொடியில் பியானோக்காரர் கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார். பிறகு இவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாத குரலில் கேட்டார்.

"அம்மா அசந்து தூங்குறாங்க. புயலை விட்டுடலாமா?"

கெஞ்சுகிற மாதிரி இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரி இருந்தது. அதுதான் அவளை இளக்கியது.

செயலாளரைப் பார்த்தாள். பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். ஒரு வருட உழைப்பு. அப்புறம் அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். எத்தனை நாள் தூக்கம் கெட்டவரோ.

சரி என்று தலையாட்டினாள்.

தாலாட்டையே மறுபடி எடுத்தார்கள், முன்னைவிட மெதுவாக. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையைக் கண்டதும் விஷயம் புரிந்து, ஒவ்வொருவராக நாற்காலியில் சாய்ந்தார்கள். யாரோ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். இரண்டாம் முறைதான் பாட்டு சரியாக அமைந்தது. அவள் வில் இழுக்கிற நீளத்துக்குப் பியானோவும் மூச்சு விட்டது. பெரிய அரங்கு போனால் போகட்டும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. பொய்யாகத் தோன்றவில்லை.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. பூனை மாதிரி அடியெடுத்து வைத்து வெளியேறினார்கள். செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவர்களோடு போனார்.

கூடம் காலியானது. செல்லோக்காரி வில்லின் முறுக்கைத் தளர்த்திக்கொண்டே கிசுகிசுத்தாள்.

"உங்க அம்மாவை எப்படி எழுப்பப் போறீங்க?"

பியானோக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"எங்க அம்மாவா? உங்க அம்மான்னுல்ல நெனச்சேன். படியில தடுமாறி நின்னாங்க, கை குடுத்தேன். உள்ள வந்ததும் உங்களைச் சாப்பிட்டியான்னு கேட்டாங்களே."

இருவரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். பியானோக்காரர் கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டார். இவள் செல்லோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பேரும் இவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தலை, யாரென்றே தெரியாத ஒருவருக்காகச் செய்து முடித்திருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அந்த அம்மா கண் திறந்தார். காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். கைப்பையிலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நான் தூங்கலம்மா. கண்ணை மூடுனாத்தான் எனக்கு நல்லாக் கேக்கும். நல்லாத்தான் வாசிச்சீங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா இந்தப் புயலுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். அதை எங்க காணோம்?"

பியானோக்காரர் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இவள் வில்லை மறுபடி முறுக்கினாள்.

முதல் இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாற்காலிகளை அடுக்க வந்தவர் ஒன்றைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். பியானோவின் இடதுகை முரசாகி, எக்காளமாகி, நடுவில் ஒரு இடத்தில் வசமாகத் தவறி, வெட்கப்படாமல் மேலே ஓடியது.

மழை கொட்டுகிற இடம் தாண்டிய பிறகுதான் செல்லோக்காரிக்கு நிமிர நேரம் கிடைத்தது.

அந்த அம்மாவின் கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் வில்லை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.