எமில் சுவாமிக்குக் காது மந்தம்

“முப்பத்தொன்பது வயசெண்டால் என்ன தம்பி? பந்து எங்கை போகோணும் எண்டு அவன்ரை கைக்குத் தெரியும். நேற்றைக்குப் பிறந்த பொடியளை நம்பிக் கடைசி இன்னிங்ஸைக் குடுக்கேலுமே?”

வலன்ரைன் போட்ட சத்தத்தில், கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தவக்காலத்தில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த இடத்தில் பேஸ்போல் சண்டை. ரொறன்ரோ அணி பந்தெறிய ஒரு பழைய ஆளை எடுக்கப்போகிறது என்ற பேச்சுத்தான் காரணம். மொன்றியலுக்கென்று இருந்த அணி போய் இருபது வருடம் தாண்டிவிட்டதால், அந்த நகரத்து லாசால் பகுதிக்காரர்கள் இப்போது அடுத்த ஊர் அணிக்காக அடிபடுகிறார்கள்.

எதிரே நின்றவனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். ரொறன்ரோவில் வளர்ந்தவனாம். மண்டபத்து ஹீற்றர் ஆளை அவித்துக்கொண்டிருந்தது. அவனோ அணியின் நீல ஜாக்கெற்றைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தான்.

“அந்த ஆளின்ரை தோள் போயிட்டுது அண்ணை. சும்மா வாங்கிலை இருத்தி வைக்கப்போறாங்கள். கீழ் லீக்கிலை நல்லா எறியிற பொடியனுக்கு அந்த இடத்தைக் குடுத்தால் என்ன?”

“கீழ் லீக் வேறை, நாப்பதாயிரம் சனத்துக்கு முன்னாலை எறியிறது வேறை. கால் நடுங்கும். தோத்துப்போய் அழுதுகொண்டு வருவான்.”

“எல்லாருக்கும் முதல் நாள் எண்டு ஒண்டு இருக்குத்தானே அண்ணை? ஆராவது இடம் விட்டால்தானே அந்த நாள் வரும்?”

வலன்ரைனுக்குச் சுருக்கென்றது. அவர் கை தன்பாட்டில் கோட்டின் உட்பையைத் தடவிப் பார்த்தது. கடிதம் அங்கேதான் இருந்தது.

மூன்று கிழமையாக அங்கேதான் இருக்கிறது. பெண்பிள்ளைகளின் மாகாண பேஸ்போல் அணித் தெரிவுக்கு அவருடைய பதினாறு வயது மகள் றொஷினியைக் கூப்பிட்டு வந்த கடிதம். பெற்றோர் கையெழுத்தோடு இன்று மாலை ஆறு மணிக்குள் அது பயிற்சியாளர் கையில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக அவள் நாள்தோறும் கேட்கிறாள், “பப்பா, லெற்றர் வந்ததா?” இல்லை என்று இவரும் கூசாமல் சொல்லிவருகிறார். பிள்ளை ஆசையோடு போய், தோற்று, முகம் வீங்க அழுதுகொண்டு திரும்பி வந்தால் அதைத் தன்னால் பார்க்கவே முடியாது. மனச்சாட்சி குத்தும்போதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்.

“உங்கடை வீட்டிலை ஆரும் விளையாடுறவையோ அண்ணை?”

“இல்லை. ஒருத்தரும் இல்லை.” பதில் வெடுக்கென்று வந்தது.

அவன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். “நாலு மணியாகுது. எனக்கு வேலை தொடங்குது, வாறன் அண்ணை.” கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு இரண்டு படியாக மேலே ஏறிப்போனான்.

“இந்தக் காலத்துப் பொடியளுக்கு வாய் மட்டும்தான்,” என்று வலன்ரைன் முணுமுணுத்தார். பிறகு தானும் மேலே போய் வரிசையில் நின்றார்.

வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. அதற்குக் காரணம் பக்தி அல்ல, எமில் சுவாமியின் காது. எண்பதை எட்டிய பங்குக் குருவானவர். எந்தப் பாவத்தைச் சொன்னாலும் “ஓம், ஓம்” என்பார், இருமுவார், மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். வலன்ரைனும் அதை நம்பித்தான் வந்திருந்தார். பாவமும் கழியும், கடிதமும் பைக்குள்ளேயே இருக்கும். ஆறு மணி தாண்டினால் தொல்லை விட்டது.

ஐந்தேகாலுக்கு அவர் முறை வந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற சின்ன மரக்கூண்டுக்குள் முழந்தாளிட்டார். நடுவில் தடித்த ஊதாத் திரை.

“என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி.”

“சொல்லுங்கோ.” தாழ்ந்த குரல், கிட்டத்தட்டக் குசுகுசுப்பு. இருமல் இல்லை. புது மருந்து வேலை செய்கிறதாக்கும் என்று வலன்ரைன் நினைத்துக்கொண்டார்.

“மோளுக்கு வந்த கடிதத்தை ஒளிச்சுப்போட்டன் சுவாமி.” அதோடு முடித்துவிடத்தான் நினைத்திருந்தார். ஆனால் வாய் நிற்கவில்லை. “அவள் நல்லா எறிவாள். நான்தான் பயந்துபோனன். ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறாள், நான் பொய் சொல்லுறன். இப்பவும் கீழை ஒரு பொடியன் கேட்டான், வீட்டிலை ஒருத்தரும் விளையாடுறேல்லை எண்டு அவனுக்கும் பொய் சொல்லிப்போட்டன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று அருள் நிறைந்த மரியேக்காகக் காத்திருந்தார்.

“கடிதம் இப்ப எங்கை?”

வலன்ரைன் திடுக்கிட்டார். “கோட்டுப் பையிலை, சுவாமி. ஆறு மணிக்குள்ளை குடுக்கோணும்.”

“அப்ப இன்னும் நேரம் இருக்கு. மோளைக் கூட்டிக்கொண்டு போய், கையெழுத்து வைச்சுக் குடுங்கோ. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்.”

எமில் சுவாமிக்கு இவ்வளவும் கேட்டுவிட்டதா? கை கடிதத்தை இறுக்கிப் பிடித்தது.

“சுவாமி, அவள் சின்னப் பிள்ளை. பெரிய இடத்திலை ஒருநாளும் எறிஞ்சதில்லை. தோத்துப்போனாளெண்டால்?”

திரைக்கு அப்பாலிருந்த குரல் இந்த முறை குசுகுசுக்கவில்லை.

“எனக்கும் இண்டைக்குத்தான் முதல் நாள், அண்ணை.”