டில்லிராணியின் குடம்

எங்கள் ஹவுசிங் போர்டில் யார் நாளைக்குத் திருடப்போகிறார்கள், யார் ஆளை அடிக்கப்போகிறார்கள் என்று போலீஸ் எந்திரம் இன்றைக்கே சொல்லிவிடும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் பெயரை அது ஒருநாளும் சொன்னதில்லை. பெயர் வந்தவனுக்கு நடுத்தெருவில் லத்தியடி. அவனுக்குப் பதிலாகத் தெருக்காரர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் பொம்பளைகள் சங்கம் ஆரம்பித்தோம். தண்ணி லாரிக்கு வைப்பதுபோலவே குடங்களை வரிசையாக வைப்போம். குடத்துக்கு ஓர் அடி. ஒருவனே செத்துப்போகாமல் எல்லோரும் கொஞ்சம் வீங்குவோம்.

இன்று ஸ்டீபன் பெயர் வந்தது. வெல்டிங் பட்டறையிலிருந்து அவனை இழுத்துவந்தார்கள். எனக்கு முழங்கை உடைந்தது. பக்கத்து வீட்டுப் பவுனுக்குக் காதில் ரத்தம். யாரும் கத்தவில்லை. சங்கத்தில் அப்படித்தான் பேசிவைத்திருந்தோம்.

கடைசியில் ஒரு பச்சைக் குடம் மட்டும் ஆளில்லாமல் நின்றது.

"இது யாருதுடி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டில்லிராணிது சார். போன வாரம் நீதான சார் அவ மண்டையில போட்ட? செத்துட்டா. அவ முறை அப்டியேதான் கீது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே குடத்தை எட்டி உதைத்தார். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

அடியைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கிற குடத்தில் கைவைத்தவனை எங்கள் தெருவில் யாரும் விட்டதில்லை.

பவுன்தான் லத்தியைப் பிடுங்கினாள். முதலில் ஹெல்மெட் பிளந்தது, பிறகு மண்டை. கூட வந்த போலீஸ்காரர்கள் ஜீப்புக்கு ஓடினார்கள்.

நேற்று எந்திரம் எங்களில் ஒருத்தி பெயரைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.