இன்றைக்குத்தான் கேட்ட வரி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மைக்செட் வாடகைக்கு விடும் புருஷோத்தமன், இசைத்தட்டு கழுவத் தானே செய்த இயந்திரத்தை நிறுத்துகிறார். மேசை விசிறியின் பழைய மோட்டார் சுற்றி அடங்குகிறது; உறிஞ்சுகுழாயின் இரைச்சல் ஓய்கிறது; சீசாவில் பழுப்புத் தண்ணீர் இரண்டு விரற்கடை நிற்கிறது. பள்ளிக்கூடத்துக் கும்மிப்பாட்டுத் தட்டு, வாசல் வெயிலில் நாவற்பழம்போல மின்னுகிறது. "கரகரப்பு போயே போச்சு, கேளுங்க டீச்சர்," என்று சசிரேகா டீச்சரிடம் சொல்லி, தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைக்கிறார். மாலை ஆறு மணிக்குப் பள்ளி ஆண்டுவிழா. டீச்சர் கூட்டிவந்த மூன்று சிறுமிகள் கடை வாசலில் கும்மி ஆடத் தொடங்குகிறார்கள். ஆடிப் பழகிய ஒரு மாதமும் முள் தாவிக் குதித்த இடத்தில், இன்று அது குதிக்கவில்லை. அவர்கள் கேட்டேயிராத ஒரு வரி முழுதாக வருகிறது. தட்டப்போன கைகள் அப்படியே நிற்கின்றன. "இன்னா டீச்சர், புதுசா பாடுது?" என்கிறாள் மூவரில் ஒருத்தியான ஜெயசீலி, ஒற்றைக்காலில் நின்றபடி. புருஷோத்தமனின் முகம் வாடுகிறது. "தூசிலதான் முள்ளு தாண்டிகினு இருந்துது. நானே ஆட்டத்தக் கெடுத்துட்டனா டீச்சர்?" டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், புருஷோத்தமனின் முகத்தையும் பார்க்கிறார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறார். "பாட்டு இப்பதான் முழுசா கீது. மொதல்லேருந்து வைங்க. அந்த வரிக்கு நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்துங்கடி." முள் மறுபடி இறங்குகிறது. அந்த வரி வந்ததும் மூன்று பாவாடைகள் குடையாக விரிகின்றன. கடைக்குள் புருஷோத்தமனும் ஈரத் துணியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறார்.