மண்ணுக்கடியில் பாதி

"அண்ணே, நிஜமாவே மேய்ச்சல் நிலம் முழுசும் எனக்கா?"

"மேல இருக்கிற மண்ணு முழுசும் உனக்கு. அடியில எண்ணெய் கிண்ணெய் கிடைச்சா உனக்குப் பாதி, எனக்குப் பாதி. போதுமா?" என்றான் டாரல்.

வெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெக்சாஸ் வெயிலில் மாடுகளையும், படுக்கையில் கிடந்த அப்பாவையும் ஆறு வருடம் அவள்தான் பார்த்தாள். அப்பாவோ நிலத்தை மகன் பேருக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடினார்.

டாரலுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தாத்தா ஒரு பஞ்ச காலத்தில், அடிமண்ணில் கிடைக்கும் எண்ணெய்க்கான உரிமையில் பாதியை மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுத் தொலைத்திருந்தார். மிச்சம் இருப்பதே ஒரு பாதிதான். 'என் பாதி எனக்கே' என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால், தங்கைக்கு வெறும் புல்லும் முள்ளும். ஊர் வாயையும் அடைத்த மாதிரி ஆயிற்று. பக்கத்து நிலத்தில் எண்ணெய்க் கோபுரம் எழும்பிவிட்டது, அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வங்கியில் நோட்டரி பெர்னிஸ் முத்திரையை எடுத்தபோது வெல்டா தயங்கினாள்.

"பின்னாடி எவனாவது வந்து என் பாதியில பாத்தியம் கொண்டாடினா என்னண்ணே பண்றது?"

"எவன் வருவான்? நான் பொறுப்பு!"

"அதையும் எழுதிடேன்."

அடப் பைத்தியமே என்று நினைத்தபடி, தங்கையின் பாதிக்குத் தானே முழுப் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டான். முத்திரை விழுந்தது. வெல்டா பத்திரத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

வாசலுக்கு வந்ததும் டாரலால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், வெல்டா. தாத்தா அடிமண்ணுல பாதியை எப்பவோ வித்துட்டாரு. இனிமே மாட்டுச் சாணியை வித்துப் பொழைச்சுக்க!"

"தெரியுமே" என்றாள் அவள்.

டாரலின் சிரிப்பு பாதியில் நின்றது. "தெரியுமா?"

"அப்பா தூங்குற நேரத்துல கோர்ட்டுல இருக்கிற பதிவு ஆபீசுக்குப் போய்ப் பழைய பத்திரமெல்லாம் படிச்சேன். வக்கீலையும் கேட்டேன். இருக்கிறது ஒரே பாதின்னா, பொறுப்பேத்து எழுதிக் குடுத்தவன் முதல்ல வாங்கினவங்க பாதியைக் குடுத்துத் தீக்கணும். அப்புறம் மிச்சமிருந்தாத்தான் தனக்கு எடுத்துக்கணும். இங்கே சட்டம் அப்படித்தான்."

டாரல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப... என் பாதி?"

"அதைத்தானேண்ணே இப்ப உன் கையாலயே எனக்கு எழுதிக் குடுத்த!"