ஒரு பாட்டில் கடல்

மாப்பிள்ளைக்கு இத்தாலியில் ஒரு சின்னத் துறைமுக நகரத்தில் வேலை. நாங்கள் போய் இறங்கிய அன்றே பக்கத்துக் கடலோரக் கிராமத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார். ராமேஸ்வரத்தில் செய்வது போலவே கடலைத் தொட்டுக் கும்பிட்டு, பூஜை அறைக்கென்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். மறுநாள் போனால் கடல் நூறடி பின்வாங்கியிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. பஸ்தியானோ என்ற கிழட்டு மீனவரை ஊரே சூழ்ந்துகொண்டு திட்டியது.

"என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?"

"ஞாயித்துக்கிழமையும் வலை போட்டியே பேராசைக்காரா, கடல் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு பாருங்கறாங்க மாமா. இனிமே அவரைக் கடலுக்கே விடமாட்டாங்களாம்."

என் மனைவி சொர்ணம் என் பையை முறைத்தாள். "மொண்ட தண்ணிய மரியாதையா ஊத்திட்டு வாங்க."

"ஒரு லிட்டர்தானேடி?"

"அவங்க கடலே சின்னது. போங்க."

சேற்றில் நடந்துபோய்க் கவிழ்த்தேன். கடல் முழங்கால்வரை ஏறியது. படகுகள் நிமிர்ந்தன. திரும்பினால் பஸ்தியானோ நிற்கிறார். பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சொட்டையும் கடலில் உதறிவிட்டு, மூடியைத் திருகி என்னிடமே கொடுத்தார்.

மற்றவர்கள் படகேறினார்கள். அவரை ஏறவிடவில்லை. என்னை நோக்கி ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் நீட்டவில்லை. கரையில் தொப்பியோடு உட்கார்ந்து வசவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"அலை அடிச்சிடுச்சு" என்றேன்.