முதலில் உயர்ந்த கை

“வீடு வளர வளர நானும் வளருவேன். வீடு முடிந்ததும் என்னைப் பிரித்துப் போடுவார்கள். நான் யார்?”

ஓசூர் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பு யோசித்தது.

விடுகதை போட்டவள் அனுப்ரியா. இதே பள்ளியில் படித்தவள். இப்போது பெங்களூருவில், செல்லுக்குள் இருக்கும் புரதங்களைப் படமெடுத்து ஆராயும் விஞ்ஞானி.

முதலில் கை தூக்குபவர்தான் விடை சொல்லலாம். சரியாகச் சொன்னால், அவளுடன் போய், ஆளைவிட உயரமான அவளுடைய மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துவிட்டு வரலாம். ஒருவருக்குத்தான் அனுமதி.

“ஒரு துப்பு தரேன்” என்று ஒரு படத்தைக் காட்டினாள். “நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த மாதிரி புரோட்டீன் காம்ப்ளக்ஸ் ஏராளமா இருக்கு.”

“கடை காம்ப்ளக்ஸா மிஸ்?”

அனுப்ரியாவும் சேர்ந்து சிரித்தாள். “கடை இல்லடா, மெஷின்! பல புரதங்கள் சேர்ந்து ஆன மெஷின். ஃபேக்டரியில அசெம்பிளி பண்ற மாதிரி பாகம் பாகமாச் சேரும். சேர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்க வேற சில புரதங்கள் வரும். வேலை முடிஞ்சதும் விலகிடும். இந்தப் படத்துல அதுங்க இல்ல. ஆனா அதுங்க இல்லாட்டி இந்த மெஷினே இல்ல. படத்தைப் பார்க்கிறப்பல்லாம் மனசுக்குள்ள அதுங்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்குவேன்.”

“கொத்தனார்!” கை தூக்காமலே ஒருவன் கத்தினான்.

“கொத்தனாரைப் பிரிச்சுப் போட முடியுமாடா, மாதேஸ்வரா?” என்றார் வகுப்பாசிரியை சுகுணா.

கடைசி வரிசையில் பிரியதர்ஷினி, பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். முடித்ததும் பக்கத்தில் இருந்தவளின் கை உயர்ந்தது. அவள் கெம்பம்மா. ஆனேக்கல் பக்கமிருந்து வந்து இந்த ஜூனில் சேர்ந்தவள். வீட்டில் கன்னடம்.

“சாருவெ!” என்றாள்.

“ரசமா!” வகுப்பு குலுங்கியது. கன்னடத்தில் சாரு என்றால் ரசம் என்பது ஓசூரில் எல்லோருக்கும் தெரியும்.

“ரசம் இல்ல. சாரத்தைத்தான் கன்னடத்துல அப்படிச் சொல்வாங்க” என்றாள் அனுப்ரியா. “கட்டடத்தைச் சுத்திக் கொம்பு நட்டுக் கட்டுவாங்களே, அந்தச் சாரம். சரியான விடை!”

“எங்க மேடம் சரி?” சுகுணா குறுக்கிட்டார். “இவளுக்குத் தமிழே சரியா வராது. எல்லாம் அவ காதுல ஓதிவிட்டது. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்! பிரியதர்ஷினி, வெளிய போய் நில்லு. யாருக்கும் பரிசு கிடையாது.”

பிரியதர்ஷினி போய் வாசலில் நின்றாள். கெம்பம்மா அழ ஆரம்பித்தாள்.

அனுப்ரியா அவளருகே குனிந்து கன்னடத்தில் கேட்டாள். “அவளு நினகெ ஏனு ஹேளிதளு?” அவள் உன்னிடம் என்ன சொன்னாள்?

விம்மலுக்கு நடுவே கெம்பம்மா கன்னடத்தில் ஒப்பித்தாள். வீடு வளர வளர என்று தொடங்கி, நான் யார் என்பது வரை. விடுகதை முழுவதும் இருந்தது. விடை இல்லை.

“டீச்சர், அந்தப் பொண்ணு கேள்வியைத்தான் கன்னடத்துல சொல்லியிருக்கா. விடை இவளோடது.”

சுகுணாவின் குரல் இறங்கியது. “உள்ள வாடி. இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“நீங்க போன்னு சொன்னீங்களே மிஸ்.”

“உனக்கு விடை தெரியலையா பாப்பா?” என்று கேட்டாள் அனுப்ரியா.

“தெரியும் மிஸ். எங்கப்பாவுக்குச் சாரம் கட்டுறதுதான் வேலை.”

“அப்புறம் ஏன் கை தூக்கல?”

“நான் தூக்கியிருந்தா விளையாட்டே முடிஞ்சிருக்கும். அவளுக்கு அப்போ கேள்வியே புரியல மிஸ்.”

அதனால் முதலில் கேள்வியைச் சொல்லி முடிப்பது, கை தூக்குவது அதற்குப் பிறகு என்று பிரியதர்ஷினி முடிவு செய்திருந்தாள்.